பொற்கொல்லன் கதை சொன்னால்

நுழையும்முன்

நாம் படித்த கதைகளுள் பெரும்பாலானவை நல்லோரின் பக்கம் நின்று சொல்லப்பட்டவை. தீமை செய்தவனைப் பற்றிப் பிறர் பேசுவர். அவன் தன் வாயால் பேசுவது அரிது. அவன் பேசத் தொடங்கினால் என்ன கூறுவான்? அவன் கூர்த்த அறிவுடையவனாகவும் இருந்துவிட்டால் அவன் கூற்றை நாம் எவ்வாறு எதிர்கொள்வது? சிறுகதை எழுத முயல்வோர்க்கு உரிய கடினமான பயிற்சிகளுள் ஒன்றை இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

மதுரைத் தெருவில் ஒருவன்

கண்ணகியை ஆயர்குல மடந்தை மாதரியின் இல்லத்தில் விட்டுவிட்டு, அவளது காற்சிலம்பு ஒன்றை விற்கும்பொருட்டு மதுரை நகருக்குள் செல்கிறான் கோவலன். தெருவில், கையில் கொடிறு ஏந்தி, நூறு கொல்லர் பின்தொடர ஒருவன் வருகிறான். அவன் பாண்டியனின் அரண்மனைப் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவனே. அந்தச் செய்தி இன்னும் வெளிவரவில்லை.

அரசன் தேவி அணியத்தக்க சிலம்பு ஒன்றற்கு விலைமதிக்க இயலுமா எனக் கோவலன் அவனிடம் வினவுகிறான். பொற்கொல்லன் கைகூப்பிப் பணிவோடு பேசுகிறான். பொதியை அவிழ்த்துக் காட்டியதும், இது கோப்பெருந்தேவிக்கன்றிப் பிறர்க்குப் பொருந்தாது எனப் புகழ்கிறான். அரசனிடம் தெரிவித்து வரும்வரை தன் குடிலின் அருகே காத்திருக்குமாறு கூறி அகல்கிறான். தன் களவு வெளிப்படும் முன், ஊருக்குப் புதியவனான இவனைக் கொண்டு அதனை மறைத்துவிடலாம் என்ற எண்ணம் அதற்குள் அவன் நெஞ்சில் உருவாகிவிடுகிறது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். எனினும் கொலைக்களக் காதையின் ஒரு பகுதியைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். அரசன் அனுப்பிய காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டதும், இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என ஐயுறுகின்றனர். அந்நிலையில் பொற்கொல்லன் சினக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. இகழ்ச்சியாகச் சிரித்துவிட்டு, கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று களவு நூலையே எடுத்து விளக்குகிறான். இளவரசன் ஒருவனின் மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வனின் கதையையும் சேர்த்துச் சொல்கிறான். காவலரின் ஐயம் நியாயமானது. அந்த ஐயத்தை அவன் வாதத்தால் கரைத்துவிடுகிறான். குற்றமற்றதாகத் தோன்றும் முகமே தேர்ந்த கள்வனின் அடையாளம் என்று ஆக்கிவிட்டபின், கோவலனின் நல்ல முகமும் அவனுக்கு எதிரான சான்றாகிவிடுகிறது.

இளங்கோவடிகள் இவனுக்குப் பெயர் சூட்டவில்லை. இவன் ஏன் திருடினான் என்பதையும் கூறவில்லை. காப்பியத்தின் இந்த மௌனம், கதை எழுதுவோர்க்குத் திறந்து வைக்கப்பட்ட வாயில். பொற்கொல்லனே இக்கதையைச் சொன்னால் எங்கிருந்து தொடங்குவான்?

அறிவு வெளிப்படும் இடம்

வழக்கில் ‘வில்லன்’ என்று கூறும் மாந்தரைத் திறனாய்வாளர் எதிர்நாயகன் என்றும் எதிர்நிலை மாந்தர் என்றும் குறிப்பர். அறிவுடைய எதிர்நாயகனைப் படைக்க முனையும் மாணவர் பலர், ‘அவன் மிகுந்த அறிவாளி’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுகின்றனர். அடுத்த வரியிலிருந்து அவன் அறிவிலியைப் போல நடந்துகொள்கிறான். தன் திட்டத்தை எல்லார்க்கும் உரக்கச் சொல்கிறான், காரணமின்றிச் சிரிக்கிறான், எளிதில் அகப்படுகிறான். தேர்வுத்தாள்களிலும் போட்டிக் கதைகளிலும் இந்தச் சிரிப்பு பலமுறை எதிர்ப்படும்.

அறிவு செயலில் தெரிய வேண்டும். பொற்கொல்லன் அறிவாளி என்று காப்பியம் ஓரிடத்திலும் சான்றிதழ் தரவில்லை. எதிரே நிற்பவன் ஊருக்குப் புதியவன். அவனுக்காகப் பேச இந்நகரில் ஆளில்லை. அவன் கையில் இருப்பதோ காணாமற்போன பொருளை ஒத்த ஒரு பொருள். சிதறிக் கிடக்கும் இச்செய்திகளைச் சில நொடிகளில் அவன் இணைத்துவிடுவதை நாமே காண்கிறோம். அவனைச் சூழ்ந்திருப்போர் அறிவிலிகளாகவும் காட்டப்படவில்லை. ஐயுறும் காவலர் இருப்பதால்தான் பொற்கொல்லனின் சொல்வன்மை நமக்குத் தெரியவருகிறது. எளிதில் ஏமாறுவோரை மட்டும் சுற்றிலும் நிறுத்திவிட்டால் எதிர்நாயகனின் அறிவைச் சோதித்துப் பார்க்கக் கதையில் இடமே இல்லாமற்போகும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அறிவாளியான ஒருவனைப் படைக்க, எழுதுபவர் அவனைவிட அறிவாளியாக இருக்க வேண்டாவா? அவ்வாறு இருக்க வேண்டிய தேவையில்லை. கதைமாந்தர் ஒரு நொடியில் எடுக்கும் முடிவை எழுதுபவர் ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம். கதையின் முடிவை முதலில் அமைத்துக்கொண்டு, அதற்கு முன் என்ன நிகழ்ந்திருக்க வேண்டும் எனப் பின்னோக்கி நடந்து வரலாம். இவ்வாறு எழுதுபவர்க்குக் கிடைக்கும் காலமே கதைமாந்தரின் கூர்மையாக மாறுகிறது. ஆனால் ஒன்றை மட்டும் ஈடுசெய்ய இயலாது. அவன் எத்தொழிலைக் கொண்டு தீமை செய்கிறானோ அத்தொழிலை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

அவன் காணாதது

அறிவை மட்டும் எழுதினால் எதிர்நாயகன் ஒரு பொறியாக நின்றுவிடுவான். அவனை மனிதனாக்குவது அந்த அறிவு பார்க்கத் தவறும் இடம்.

பொற்கொல்லன் அணிகலன் தொழிலில் வல்லவன். கோவலன் காட்டிய சிலம்பின் வேலைப்பாட்டை ஒரே பார்வையில் அளந்துவிட்டான். அதன் உள்ளே இருக்கும் பரல் எது என்று அவன் கேட்கவே இல்லை. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்ததோ மாணிக்கம். பாண்டியன் அவையில் வழக்கைத் தீர்த்தது அந்த வேறுபாடே. தொழிலில் தேர்ந்தவன் தன் தொழிலுக்கு உள்ளேயே ஏமாந்தான். சிலம்பு ஒன்றுதானே இருக்கிறது, இணைச் சிலம்பு யார் காலில் இருக்கிறது என்றும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை. அவன் கணக்கில் கோவலன் தனியன். கண்ணகி என ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

பெ. சுந்தரம் பிள்ளை 1891ஆம் ஆண்டு வெளியிட்ட மனோன்மணீயத்தில் வரும் குடிலனும் இவ்வகையினனே. லிட்டன் பிரபு எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலக் கதையைத் தழுவிய இந்நாடகத்தில், சீவக வழுதியின் அமைச்சன் குடிலன். மன்னன் முன்னிலையில் அவன் பேசுவதெல்லாம் பணிவும் நாட்டுப்பற்றுமாகவே இருக்கும். தனித்திருக்கும்போது பேசும் தனிமொழிகளில் மட்டும் அவன் திட்டங்கள் வெளிப்படும். தன் மகன் பலதேவனை மனோன்மணிக்கு மணமுடித்து ஆட்சியைக் கைப்பற்றுவதே அவன் நோக்கம். மன்னன் ஏமாறுவதை அவையோர் காணவில்லை, நாம் காண்கிறோம். தடுக்க இயலாத இடத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம் என்பதே அத்தனிமொழிகள் தரும் பதற்றம்.

குடிலனின் வீழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழியைக் கண்டறிந்து, அதன் வழியே பகைவனான சேரன் புருடோத்தமனிடம் சென்று பேரம் பேசுகிறான். அந்த வழியைக் கண்டறிந்தவரை அவன் அறிவில் பிழையில்லை. ஆயினும், எவர்க்கும் ஒரு விலை உண்டு என்பது அவனது உறுதியான முடிவு. வஞ்சனையால் கிடைக்கும் வெற்றியை விரும்பாதவன் ஒருவன் இருக்கக்கூடும் என்பது அவன் எண்ணத்திற்கு எட்டவே இல்லை. புருடோத்தமன் அவனை விலங்கிட்டு, அவனையே வழிகாட்டச் செய்து கோட்டைக்குள் நுழைகிறான். உலகத்தார் அனைவரும் தன்னைப் போன்றவரே என்னும் முடிவுதான் குடிலன் காணத் தவறிய இடம்.

எதிர்நாயகனின் நோக்கில் கதை எழுதுவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா இது: இவன் எதனை நன்றாகப் பார்க்கிறான்? அந்தப் பார்வையே எதனை மறைக்கிறது?

சொல்பவர் யார்?

எவரது கண்ணின் வழியாகக் கதை காட்டப்படுகிறது என்பதனை நோக்குநிலை என்பர். ‘நான்’ என்று கதைமாந்தரே கூறுவது தன்மை நோக்குநிலை. ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டே அவன் உள்ளத்தை மட்டும் ஒட்டிச் செல்வது படர்க்கை நோக்குநிலையின் ஒரு வகை. எதிர்நாயகனின் கதைக்கு எது ஏற்றது என்பதற்குப் பொதுவிதி இல்லை.

உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி, ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை முதலில் கொலைசெய்தவனின் வாக்குமூலமாக, தன்மை நோக்குநிலையில் எழுதத் தொடங்கினார். எழுதியதைப் பின்னர்க் கைவிட்டுவிட்டுப் படர்க்கைக்கு மாறினார். 1866ஆம் ஆண்டு வெளிவந்த அந்நாவலில் ரஸ்கோல்னிகவ் என்னும் முன்னாள் மாணவனின் நெஞ்சை ஆசிரியர் நிழலாகத் தொடர்கிறார். மேன்மக்கள் சிலர்க்குக் குற்றம் செய்யும் உரிமை உண்டு என்பது அவன் கொள்கை. அதனைக் கட்டுரையாக எழுதி வெளியிடும் அளவிற்கு அவன் படித்தவன். கொலைக்குப் பின் அவன் உடல் நடுங்குகிறது, காய்ச்சலில் பிதற்றுகிறான். தன் கொள்கை தவறு என்று அவன் ஒப்புக்கொள்ளும் முன்பே அவன் உடல் ஒப்புக்கொண்டுவிடுகிறது. அவனே கதைசொல்லியாக இருந்திருந்தால் தன் நடுக்கத்திற்கும் ஒரு காரணம் கற்பித்திருப்பான். அவனுக்கு அருகில் நின்றும் அவனாகிவிடாமல் பார்க்கும் கண் அந்நாவலுக்குத் தேவைப்பட்டது.

தன்மை நோக்குநிலையின் வலிமை வேறு. கதைசொல்லி தன்னை அறியாமலே தன்னைக் காட்டிக்கொடுப்பதை அதில்தான் எழுத முடியும். ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1842ஆம் ஆண்டு வெளியிட்ட கவிதை ஒன்றில், பெராரா நகரக் கோமகன் ஒருவன், மறைந்த தன் மனைவியின் ஓவியத்தை விருந்தினர் ஒருவர்க்குக் காட்டிப் பேசுகிறான். அவ்விருந்தினர் அவனது மறுமணம் பற்றிப் பேசவந்த தூதர். முதல் மனைவி எல்லாரிடமும் புன்னகைத்தாள் என்பது அவன் குறை. தான் ஆணையிட்டதாகவும் புன்னகைகள் நின்றுபோனதாகவும் போகிற போக்கில் கூறிவிட்டு, அடுத்த கலைப்பொருளைக் காட்ட நடக்கிறான். அவன் பேசியது தன் பெருமையை. நாம் கேட்டது ஒரு கொலையை. சொல்பவன் சொன்னதற்கும் படிப்பவர் அறிந்துகொண்டதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் இவ்வகைக் கதை உயிர்வாழ்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு மரபும் உண்டு. புலவர் குழந்தை இயற்றிய இராவண காவியம் 1946ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் இராவணனே காப்பியத் தலைவன். எது அறம், யார் தலைவன் என்பதையே அந்நூல் மாற்றி நிறுத்துகிறது. நாம் இங்குப் பேசுவது அதுவன்று. தீமை தீமையாகவே இருக்க, அதனைச் செய்தவனின் உள்ளிருந்து பார்ப்பதே நாம் மேற்கொள்ளும் பயிற்சி.

ஒரு கதை உருவாகிறது

இனி ஒரு கதையை உருவாக்கிப் பார்ப்போம். களம், 1960களில் வாய்க்கால் பாசனமுள்ள ஒரு சிற்றூர். எதிர்நாயகன் ஊர்க் கர்ணம். படிப்பறியாத கைம்பெண் வள்ளியம்மையின் நிலத்தைத் தன் மைத்துனர்க்கு உரியதாக்கிவிடுவது அவர் திட்டம். அடியாள் இல்லை, கத்தி இல்லை. கையில் இருப்பது எழுதுகோல் ஒன்றே.

தெரிந்து தெளிவோம்
கர்ணம் என்பவர் கிராம நிலக் கணக்குகளை எழுதியவர். எந்த நிலத்தில் யார், என்ன பயிரிட்டனர் என்னும் விவரம் அடங்கல் என்னும் பதிவேட்டில் ஆண்டுதோறும் பதியப்படும். நிலவரியைக் கிஸ்தி என்பர். வருவாய்த்துறையின் கணக்காண்டு பசலி எனப்படும். அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கிராமக் கணக்குகளை மேலலுவலர் ஆண்டுதோறும் தணிக்கை செய்வது ஜமாபந்தி. பரம்பரையாக வந்த கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980இல் ஒழிக்கப்பட்டு, பின்னர்க் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர்.

முதன்முறை எழுதுபவர் கதையை இவ்வாறு தொடங்கக்கூடும்:

“நான் கொடியவன். பிறர் நிலத்தை வஞ்சித்துப் பறிப்பதே என் தொழில். என் அறிவுக்கு முன் இவ்வூரார் எம்மாத்திரம்! வள்ளியம்மையின் நிலத்தைப் பறிக்கச் சூழ்ச்சி ஒன்று செய்தேன். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.”

இப்பகுதியில் பேசுவது கர்ணம் அல்லர். கர்ணத்தின் மேல் கோபம்கொண்ட எழுத்தாளர் அவர் வாயில் நுழைந்து பேசுகிறார். தன்னைக் கொடியவன் என்று எவரும் எண்ணிக்கொள்வதில்லை. தான் நியாயமானவன், சற்றுக் கூடுதலாக விவரம் அறிந்தவன் என்பதே கர்ணம் தன்னைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தாக இருக்கும். ‘சூழ்ச்சி’ என்ற சொல் அவரது அகராதியிலேயே இராது. அதே கதையை அவர் சொன்னால்:

“வள்ளியம்மையின் நிலம் அறுபது சென்ட். தலைமடைப் பங்கு. அவள் கணவன் இறந்த ஆண்டு அதில் கோரை மண்டிக் கிடந்தது. ‘சாமி, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்’ என்று வாசலில் வந்து நின்றாள். என் மைத்துனரைக் குத்தகைக்கு உழச் சொன்னேன். மறு ஆண்டே நெல் விளைந்தது. அறுப்புக்கு அறுப்பு அவள் பங்கை என் முன்னிலையில் அளந்து கொடுக்கச் செய்கிறேன். ஒரு மரக்கால் குறைந்ததில்லை.

அடங்கல் எழுதும்போது எண்ணிப் பார்த்தேன். உழுகிறவர் அவர். விதைக்கிறவர் அவர். கிஸ்தி கட்டுகிறவரும் அவர். இரசீதும் அவர் பெயரில்தான் இருக்கிறது. குத்தகை என்பது நான்கு எழுத்து. சொந்தம் என்பதும் நான்கு எழுத்து. மை கூடச் செலவாகவில்லை. பசலி 1370இல் முதன்முறை எழுதினேன். ஜமாபந்திக்கு வந்தவர் பக்கத்தைப் புரட்டிக் கையொப்பமிட்டார். நான் யார் வீட்டிலும் புகுந்து எதையும் எடுத்ததில்லை. ஆண்டுக்கு ஒரு சொல் எழுதுகிறேன். பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு வேண்டும், ஒன்பது முடிந்தது.

தை பிறந்தால் வள்ளியம்மை பரங்கிக்காய் கொண்டுவருவாள். கூடவே அவள் பெண்ணும் வரும். ஐந்தாவது படிக்கிறது. வாய் திறக்காது. எதிரே நின்று நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கும். சென்ற தையில் அதற்கு ஒரு துண்டுப் பென்சில் கொடுத்தனுப்பினேன்.

இந்தத் தையில் அவர்கள் வரவில்லை. பரங்கி காய்க்கவில்லை போலும். எதிர்வீட்டுக் கூரையில் மட்டும் நான்கு காய்கள் கிடக்கின்றன.”

இப்பகுதியில் கர்ணம் பொய் எதுவும் சொல்லவில்லை. நிலம் தரிசாகக் கிடந்ததும் நெல் விளைந்ததும் பங்கு குறையாமல் அளந்ததும் உண்மை. உண்மைகளை அடுக்கியே அவர் தன்னைக் காத்துக்கொள்கிறார். பங்கைக் குறையாமல் அளக்கச் செய்ததுதான் அவரது அறிவின் உச்சம். குறைந்திருந்தால் வள்ளியம்மை என்றோ கேள்வி கேட்டிருப்பாள். அவரது மொழியையும் நோக்குக. கணக்கு எழுதுபவரின் சிக்கனமான, சிறு சிறு வாக்கியங்கள். உணர்ச்சிச் சொற்கள் ஒன்றும் இல்லை. வள்ளியம்மை வாசலில் நின்ற துயரத்தையும் மடை, சென்ட், மரக்கால் என்னும் அளவைகளுக்கு இடையே ஒரு பதிவாகவே அவர் எழுதிச் செல்கிறார்.

அவர் காணாதது எது? அச்சிறுமி. தாய் ‘கொண்டுவருவாள்’, மகளோ ‘வரும்’, ‘திறக்காது’, ‘படிக்கிறது’. உயர்திணைக்குரிய பெண்ணை அவர் அஃறிணை முடிபால் சுட்டுகிறார். சிறு குழந்தைகளை அன்பினால் இவ்வாறு சுட்டும் வழக்கு நம்மிடம் உண்டு. இலக்கணம் அதனைத் திணைவழுவமைதி என ஏற்கும். இங்கு அது அன்பா, பொருட்படுத்தாமையா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும். எவ்வாறாயினும், ‘ஐந்தாவது படிக்கிறது’ என்று தம் வாயாலேயே சொன்னவர், படிக்கத் தெரிந்த கண்கள் தம் பதிவேட்டின் எதிரே நிற்கின்றன என்பதை உணரவில்லை. தலைகீழாகத் தெரிந்தாலும் நான்கு எழுத்துகளைப் படிக்க ஐந்தாம் வகுப்புக் கல்வி போதும்.

சிறுமி தாயிடம் என்ன சொன்னாள், தாய் யாரிடம் சென்றாள் என்பவை இப்பகுதியில் இல்லை. கர்ணம் அறியாதவற்றைக் கதையும் சொல்லக் கூடாது. நோக்குநிலைக்கு உரிய இக்கட்டுப்பாட்டை இடையில் மீறிவிட்டால் முழுக்கதையும் தளர்ந்துவிடும். பரங்கிக்காய் வரவில்லை என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிறார். அந்தக் காரணத்தைப் பொய்யாக்கும் நான்கு காய்களையும் பார்க்கிறார். கணக்கர் அல்லரா, எண்ணாமல் இருக்க இயலவில்லை.

நிலத்திற்கு உரியவர்

இவ்வகைக் கதைகளில் ஓர் இடர் உண்டு. எதிர்நாயகனுடன் நெடுநேரம் பழகும்போது அவன் சொல்வது நியாயமாகத் தோன்றத் தொடங்கும். எழுதுபவர்க்கே அவ்வாறு தோன்றும். அவனது அறிவை வியந்து வியந்து, அவனால் அழிந்தவர் கதையிலிருந்து மறைந்துபோவதையும் கவனியாமல் விட்டுவிடுவர். ஒருவனைப் புரிந்துகொள்வது வேறு. அவன் செய்ததை ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டையும் பிரித்து வைப்பதற்கு எழுத்தாளர் அறிவுரை கூறத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரை எதிர்நாயகனின் கண்ணெதிரே நிறுத்திவைத்தால் போதும். அவன் பார்க்காவிட்டாலும் நாம் பார்ப்போம். நம் கதையில் அப்பணியைப் பரங்கிக்காய் செய்கிறது. தன் நிலத்தை எழுத்தெழுத்தாக இழந்துகொண்டிருந்தவள், அதனை எழுதிக்கொண்டிருந்த கைக்கே ஆண்டுதோறும் நன்றி கொண்டுவந்தாள். இதனைக் கர்ணம் ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். படிப்பவர் கடந்துவிட இயலாது.

மற்றோர் இடர் இதனினும் கொடியது. பொற்கொல்லன் கதைக்கே மீண்டும் செல்வோம். கோவலன் கொலையுண்டபின் பாண்டிய நாடு மழையின்றி வறுமையுற்றது எனவும், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் எனவும் சிலப்பதிகாரம் கூறுகிறது. சூழ்ச்சி செய்தவன் ஒருவன். உயிர் நீத்தோர் ஆயிரவர். அவர்கள் செய்த குற்றம் அவன் செய்த தொழிலைத் தாமும் செய்தது மட்டுமே. சிலம்பின் வழக்கை ஆராயாமல் தீர்ப்பளித்த தவற்றைப் பற்றி நாம் நிரம்பப் பேசியிருக்கிறோம். இந்த ஆயிரவரைப் பற்றிப் பேசியது குறைவு.

எதிர்நாயகனை ஒரு தொழிலுக்கோ சாதிக்கோ ஊருக்கோ சமயத்திற்கோ உரிய இயல்பின் வடிவமாக எழுதினால், நாமும் அவ்வாறே ஒருவனுக்காக ஆயிரவரைத் தண்டிக்கிறோம். உடற்குறையைத் தீமையின் அடையாளமாக எழுதுவதும் இத்தகையதே. அவனுடைய தீமை அவனுடைய தேர்வாக இருத்தல் வேண்டும். வேறு வழியில் செல்லும் வாய்ப்பு அவனுக்கு ஒருமுறையேனும் இருந்தது என்பதைக் கதை காட்ட வேண்டும். பசலி 1370இல் எழுதுகோலை மையில் தோய்த்த கர்ணம், ‘எண்ணிப் பார்த்தேன்’ என்கிறாரே, அந்த ஒரு கணம் அத்தகையது. குத்தகை என்று எழுதவும் அவர் கை அறிந்திருந்தது.

கற்பவை கற்றபின்

1. கோவலன் பொதியை அவிழ்த்த கணம் முதல் பொற்கொல்லன் அரண்மனை வாயிலை அடையும்வரை அவன் எண்ண ஓட்டத்தைத் தன்மை நோக்குநிலையில் இரண்டு பக்கங்களில் எழுதுக. அவன் ஏன் திருடினான் என்பதற்கு நீங்கள் கருதும் காரணம், நேரடியாகச் சொல்லப்படாமல் அவன் பேச்சில் வெளிப்படுதல் வேண்டும்.

2. கர்ணத்தின் கதையைப் பசலி 1380இன் ஜமாபந்தி நாள்வரை தொடர்ந்து எழுதுக. அவர் காணாத எதனையும் எழுதுதல் கூடாது.

3. அதே கதையை வள்ளியம்மையின் மகள் கூறுவதாக மாற்றி எழுதி, இரண்டு கதைகளிலும் பென்சிலும் பரங்கிக்காயும் பெறும் பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் கலந்துரையாடுக.

4. 1954ஆம் ஆண்டு எஸ். பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த ‘அந்த நாள்’ பாடல்களே இல்லாத தமிழ்த் திரைப்படம். அதில் கொலையுண்ட வானொலிப் பொறியாளன் ராஜனின் கதை, அவனை அறிந்த ஒவ்வொருவரின் பார்வையிலும் சொல்லப்படுகிறது. படத்தைக் கண்டு, ராஜனே தன் கதையைச் சொல்லியிருந்தால் எவற்றைச் சொல்லாமல் விட்டிருப்பான் என ஒரு பக்க அளவில் எழுதுக.